நாலு விளக்கும் மினுங்கியது, தவறு யாருடையது?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 31. வீடு காட்பாடியில், வேலை வேலூரில் ஒரு துணிக்கடையில். தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போகும்போது ஹசார்ட் சுவிட்சைப் போட்டுக்கொள்வது என் பழக்கம். நாலு இண்டிகேட்டரும் மினுங்கினால் எல்லோர் கண்ணிலும் படுவோம் என்ற எண்ணம்தான். லண்டனில் இருக்கும் மாமா மகனும் அங்கே அப்படித்தான் போவார்கள் என்றான். இரண்டு மாதம் முன்பு ஒரு மாலை, பாலாற்றுப் பாலம் இறங்கி விருதம்பட்டு பக்கம் வண்டிகள் இரண்டு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவே மெதுவாகப் போனேன். வலது வரிசையில் இருந்த கார், இடது வரிசையில் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும், இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று இடது பக்கம் பெட்ரோல் பங்குக்குத் திரும்பியது. அதன் முன்கதவில் மோதி விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்ததோடு சரி, பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கார்க்காரரோ, "உன் இடது விளக்கு மினுங்கியது, நீ இடது பக்கம் ஒதுங்குகிறாய் என்று நினைத்துத்தான் திரும்பினேன். கதவு வேலைக்கு 18,000 ரூபாய் எடுத்து வை" என்கிறார். ஹசார்ட் போட்டது குற்றமா? நஷ்டஈடு கேட்க எனக்கு வழி உண்டா? இனிமேல் போடலாமா, கூடாதா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். ஆனால் அன்றைக்குப் போட்டிருந்தீர்கள் என்பதற்காக உங்கள் வழக்கு செத்துப்போய்விடவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் கார்க்காரருக்கு லாபம்.

ஹசார்ட் விளக்கு எதற்கு என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது விதி இண்டிகேட்டர்களைப் பற்றிப் பேசுகிறது. எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மினுங்குவதை, வண்டி நகர முடியாமல் சாலையில் நின்றுவிட்ட நிலையில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை என்றுதான் அது சொல்கிறது. 'நான் நிற்கிறேன், சுற்றிக்கொண்டு போ' என்பது அந்த விளக்கின் மொழி. ஓடுகிற வண்டியில் அதைப் போட்டால் விளக்கு ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று செய்யும்.

நம் ஊரில் இதற்கு வேறு அர்த்தங்களும் முளைத்துவிட்டன. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட ஹசார்ட் போடுபவர்கள் வேலூர் கிரீன் சர்க்கிளில் நாலு நிமிடம் நின்றால் பத்துப் பேராவது தென்படுவார்கள். ஐடா ஸ்கடர் சாலையில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஹசார்ட் போட்டு வழி விலக்கிக்கொண்டு பறக்கும் பையன்களையும் பார்த்திருப்பீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் மறித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு என்பது உண்மைதான். அதற்காக முன்னால் போகும் பைக் அவசர ஊர்தி ஆகிவிடாது. நல்லெண்ணம் இருக்கிறது, உரிமை இல்லை.

சட்டத்தை விடுங்கள், அந்தக் காரின் இடது கண்ணாடியில் நீங்கள் எப்படித் தெரிந்திருப்பீர்கள் என்று பாருங்கள். உங்கள் வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. அவர் வலது வரிசையில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் அதே வரிசையில் இன்னொரு வண்டி. நீங்கள் இரண்டு வரிசைக்கும் நடுவில், அந்தப் பின் வண்டியை ஒட்டி வருகிறீர்கள். உங்கள் வலது இண்டிகேட்டரை அந்த வண்டியின் மூலை மறைத்துவிடும். மிச்சம் தெரிவது மினுங்கும் இடது விளக்கு ஒன்றுதான். நாலும் மினுங்குவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் கண்ணுக்கு அது இடது பக்கம் திரும்பும் சைகை. ஆக, கார்க்காரர் சொல்வது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இதைச் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முதல்முறையாகக் கேட்பதைவிட இங்கே கேட்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. பல பைக்குகளில் ஹசார்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளினாலும் பயனில்லை, நாலும் மினுங்கிக்கொண்டேதான் இருக்கும். அப்படியென்றால் நெரிசலில், எந்தப் பக்கம் நகரப்போகிறோம் என்று சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், நீங்களே வாயைக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். 'கண்ணில் பட வேண்டும்' என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது கட்டாயம். கண்ணாடியில் தெரிவதற்கு அந்த வெளிச்சம் போதும்.

மாமா மகன் சொன்னதையும் பார்த்துவிடலாம். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பு, பைக்குகள் நெரிசலில் ஊடே போவதை அனுமதிக்கிறது, கவனமாக, மெதுவாகப் போகச் சொல்கிறது. அதே தொகுப்பின் 116-ஆவது விதி, ஓடும் வண்டியில் ஹசார்ட் போடக் கூடாது என்கிறது. வேகச் சாலைகளில் முன்னால் ஆபத்து இருப்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலையில் இப்படி ஊடே போவதைச் சட்டபூர்வமாக்கியபோது மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வேகத்துக்குத்தான் வரம்பு வைத்தது. லண்டனில் நாலு பேர் செய்கிறார்கள் என்பதும் லண்டன் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் வேறு வேறு.

சரி, நம் ஊரில் ஊடே நுழைந்து போவதே குற்றமா? 'பைக்குகள் வரிசைகளுக்கு நடுவே போகலாம்' என்று அனுமதிக்கும் தனி விதி நம்மிடம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், கோடு போட்ட சாலையில் உங்கள் தடத்துக்குள் போகவும், தடம் மாறும்போது சைகை காட்டவும், பொதுவாக வலது பக்கமாகவே முந்தவும் சொல்கின்றன. இந்த ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஏ பிரிவில் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-ஆவது பிரிவு, சட்டத்துக்கு மாறாக முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதல் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்கு மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் விதத்தில் ஓட்டியிருக்க வேண்டும். ஊர்ந்துகொண்டிருந்த வரிசைக்கு நடுவே அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போனவர்மேல் அதை ஒட்டவைப்பது லேசில்லை. எதிர்த்தரப்பு முயன்று பார்க்கும், அவ்வளவுதான்.

இப்போது நஷ்டஈடு. விதியை மீறியவர் எல்லோரும் விபத்துக்குப் பொறுப்பு என்று நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை. 2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரே பைக்கில் மூன்று பேர் போயிருக்கிறார்கள், பின்னால் வந்த கார் இடித்து ஒருவர் இறந்துவிட்டார். மூன்று பேர் போனது குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றம் விபத்துக்கோ அதன் பாதிப்புக்கோ காரணம் என்று காட்டாதவரை, அதைச் சொல்லி இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று, உயர் நீதிமன்றம் பிடித்த பத்து சதவீதத்தை ரத்து செய்தார்கள். உங்கள் வழக்கிலும் கேள்வி அதுதான். ஹசார்ட் எரிந்ததா என்பதல்ல, ஹசார்ட் எரிந்ததால் மோதல் நடந்ததா என்பது. உங்கள் அஜாக்கிரதையும் சேர்ந்துகொண்டது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

கார்க்காரர் பக்கம் என்ன பலவீனம்? அவர் தடம் மாறித் திரும்பியிருக்கிறார். சைகை காட்டும் கடமை அவருடையது. இடது வரிசையைக் குறுக்கே கடப்பவர் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினால் போதாது, அங்கே யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீங்கள் வருவதை அவர் பார்த்தாராம், ஒதுங்குவீர்கள் என்று நினைத்தாராம். பார்த்தேன் என்று ஒப்புக்கொள்பவர் பொறுத்திருந்திருக்கலாமே! 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோயம்புத்தூர் வழக்கு ஒன்று உங்களுக்கு நெருக்கமானது. நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சைகை ஏதுமின்றி சட்டென நின்றது, பின்னால் வந்த கல்லூரி மாணவரின் பைக் அதில் மோதியது, கீழே விழுந்தவர் காலில் பேருந்து ஏறியது. காருக்கு 50, பேருந்துக்கு 30, போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு பங்கு பிடிக்கப்படலாம், அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போவதும் முழுவதும் போவதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "ஹசார்ட் போட்டதைப் புகாரில் சொல்ல வேண்டாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். என்னிடமே வந்து கெஞ்சுவார்கள். அந்த யோசனைக்கு இணங்காதீர்கள். இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் எழுந்து, "நேராகத்தானே போனீர்கள்? பிறகு இடது விளக்கு ஏன் மினுங்கியது?" என்று கேட்கும்போது, புகாரில் அது இல்லையென்றால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் சேர்ந்து ஆட்டம் காணும். நாலு விளக்கும் எரிந்தன, மெதுவாகப் போனேன், கார் சைகை காட்டவில்லை. மூன்றையும் முதல் வாக்குமூலத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம் காவல் நிலையம். எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளில் வழக்குப் பதியத்தக்க குற்றம் இது, சி.எஸ்.ஆரோடு நிறுத்துவது சரியல்ல. நிலையத்தில் பதிய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். விபத்தைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டிய பொறுப்பும் காவல்துறைக்கு 2022 மோட்டார் வாகன விதிகளின்படி இருக்கிறது. அதையும் புகாரில் ஒரு வரி நினைவூட்டுங்கள், கோபமாக அல்ல.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ், நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வேலூருக்கு அது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதை நாற்பது நாளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி பில்கள், எக்ஸ்ரே, கடை முதலாளியிடமிருந்து சம்பளச் சான்று, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு, வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், உங்கள் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். துணி மடிக்கிற கைக்கு மணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அசைவில் குறை இருந்தால் ஊனச் சான்றுக்குக் கேளுங்கள்.

இனிமேல் ஹசார்ட் சுவிட்சை எப்போது தொடலாம்? சத்துவாச்சாரி அருகே நெடுஞ்சாலையில் பஞ்சராகி ஓரமாக நிற்கிறீர்கள், போடுங்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம் வேகமாக வந்து, திடீரென்று நின்றுபோன வரிசையின் வாலில் நீங்கள்தான் கடைசி ஆள், பின்னால் லாரி வருகிறது. அந்தச் சில நொடிகள் போட்டுவிட்டு, லாரி நின்றதும் அணைத்தால் எந்த நீதிபதியும் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. நடுவே நுழைந்து போகும்போது மட்டும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வராமல் மெக்கானிக் தனியாகப் பொருத்திய சுவிட்சாக இருந்தால், மனுப் போடும் முன் அதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதையும் கிளறும்.

கதவுக்கான 18,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள், வெள்ளைத்தாளில் சமாதானக் கையெழுத்தும் வேண்டாம். அந்தப் பணமே பின்னாளில் தவறை நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாக நீட்டப்படும். அதைவிட அவசரம் பெட்ரோல் பங்கின் கேமரா. பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், இரண்டு மாதம் ஆன நிலையில் ஒருவேளை போயே போயிருக்கலாம். இருந்தாலும் நாளைக் காலை கடைக்குப் போகும் வழியில் இறங்கி மேலாளரைப் பாருங்கள். பதிவு இருந்தால் அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த நகலின் ஒரு பிரதியைப் புகாரோடு இணையுங்கள்.