வேகம் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ‘வேகம்’ தமிழ்ச் சொல்தானா?

பதில்: வடசொல். வேர் ‘விஜ்’: நடுங்குதல், துடித்தெழுதல், பாய்தல். விரைவு என்பது அதன் ஒரு முகம்தான்; இன்னொரு முகம் உள்ளிருந்து கிளம்பும் உந்தல். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் ‘வேகங் கெடுத்தாண்ட வேந்தனடி வெல்க’ என்கிறார். இறைவன் அவருடைய நடையையா குறைத்தான்? மனத்தின் அலைச்சலை அல்லவா கெடுத்தான்! சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களைப் பாருங்கள்: தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. அடக்கக் கூடாத உந்தல்கள் அவை. தூக்கத்தில் எங்கே விரைவு?

கேள்வி: உத்வேகமும் அதே வேரா?

பதில்: அதே. வடமொழியில் அதற்குக் கலக்கம், பதற்றம் என்று பொருள். தமிழுக்கு வந்து ஊக்கம் ஆகிவிட்டது. ‘எங்களுக்கு உத்வேகம் தந்தவரே’ என்று சமஸ்கிருதப் பண்டிதரை வாழ்த்துமுன் யோசியுங்கள்.

கேள்வி: ‘வே’ என்றால் எரிதல். தீ விரைந்து பரவும். வேகம் அதில் பிறந்திருக்கலாமே?

பதில்: ‘இருக்கலாமே’ போட்டால் எதுவும் எதிலும் பிறக்கும். ஒலி ஒத்தால் உறவாகாது.

கேள்வி: வி + வேகம் = விவேகம், அதாவது வேகமின்மை. சரியா?

பதில்: தவறு. விவேகம் பிரித்தறிதல், வேர் வேறு. சாலையோரப் பலகையில் எதுகைக்காக எழுதியதை இலக்கணமாக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒலி ஒத்தால் உறவாகாது.

கேள்வி: ஆவேசம்?

பதில்: உள்ளே புகுதல். பிரவேசத்தின் உடன்பிறப்பு.

கேள்வி: வேகம் தூய தமிழ் என்று படித்தேனே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தமிழில் வேறு சொல்லே இல்லையா?

பதில்: விரைவு இருக்கிறதே! ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல். ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்கு அது தரும் பத்துப் பொருள்களில் விரைவும் ஒன்று. ‘கடிது வந்தான்’ என்பது அப்படித்தான். கடிதம் கடிது போவதால் வந்த பெயரா என்று யாரும் கேட்க வேண்டாம். இல்லை.

கேள்வி: ஐயா, இலங்கையில் நாங்கள் படித்தது: திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். தமிழ்நாட்டில் வேகம், திசைவேகம் என்கிறீர்கள். யார் சரி?

பதில்: இப்படி ஒரு கேள்விக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேகத்தில் உந்தல் இருக்கிறது, உந்தலுக்குத் திசை உண்டு. அந்த வகையில் உங்கள் தேர்வு வேருக்கு நெருக்கம். ஆனால் ‘கதி’ ஏற்கெனவே சுமை தாங்கி. ‘நீயே கதி’யில் புகலிடம், ‘என் கதி’யில் விதி. இசையிலோ நடை, அதாவது ஒரு தாளத் தட்டுக்குள் அடங்கும் எண்ணிக்கை: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. காலப்பிரமாணம், அதாவது தட்டுக்குத் தட்டு உள்ள இடைவெளி, அசையாமல் நிற்க, கதி மட்டும் மாறும். அதன்மேல் இயற்பியலையும் ஏற்றுவானேன்?

கேள்வி: நான் தமிழ்நாட்டு ஆசிரியர். திசைவேகம்தான் தெளிவு. விவாதமே தேவையில்லை.

பதில்: தேவை. 400 மீட்டர் ஓடுதளத்தை 80 நொடியில் ஒருமுறை சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறார் ஒருவர். ‘சராசரி வேகம் எவ்வளவு?’ நீங்கள் நொடிக்கு 5 மீட்டர் என்பீர்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால் இடம் மாறவில்லை என்று இலங்கை மாணவர் பூச்சியம் என்பார். இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும்!

கேள்வி: ஐயா, இலங்கையில் வேகம் கூடுவதை ஆர்முடுகல், குறைவதை அமர்முடுகல் என்கிறோம். அவற்றுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

பதில்: முடுக்கம், எதிர் முடுக்கம். முடுகுதல் என்றால் விரைதல். வேர் இருவருக்கும் பொது. ஆனால் ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். ‘எதிர்’ என்று ஒட்டுப்போடாமல் ஒரே வினையில் ஏற்றமும் இறக்கமும் காட்டிவிட்டீர்கள். பொறாமையாக இருக்கிறது.

கேள்வி: ‘சீக்கிரம்’ தமிழா ஐயா?

பதில்: வடசொல், ‘சீக்ர’. தமிழா தமிழா என்பதை விட்டுவிட்டுக் கதியைப் பற்றிக் கேளுங்களேன்.