மூன்றாம் மாதத்தில் காலியாகும் வார இறுதி வகுப்பு

கேள்வி: திருகோணமலையில் சனி, ஞாயிறு நாட்களில் வீட்டு மின்னிணைப்புப் பாடநெறி நடத்துகிறோம். ஆறு மாதம், என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்றகைமையின் மூன்றாம் மட்டம். மார்ச்சில் தொடங்கியபோது 32 பேர். அநேகமானோர் முப்பதைத் தாண்டியவர்கள்: ஹோட்டல் வேலை, கடற்றொழில், ஓட்டோ. இப்போது மூன்றாம் மாதம், 17 பேர்தான் மிச்சம். பாடசாலை முடித்து வரும் பிள்ளைகளின் வகுப்பில் இப்படி நடப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், வராத 15 பேரின் பெயரையும் இடாப்பில் வெட்ட வேண்டாம். வளர்ந்தவர்களில் பலர் படிப்பை விடுவதென்று முடிவெடுத்து விடுவதில்லை. இரண்டு கிழமை வர முடியாமல் போகும், மூன்றாம் கிழமை வர வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வெட்கத்தைத் தாண்ட வழி செய்து கொடுப்பதே உங்கள் முதல் வேலை.

இந்தக் கிழமைக்குள் ஒவ்வொருவரோடும் போனில் பேசுங்கள். பேசுபவர் பாடம் எடுக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும், கட்டணம் அறவிடும் அலுவலகத்தார் அல்ல. "ஏன் வரேல்ல?" என்று தொடங்கினால் இல்லாத காய்ச்சல் ஒன்றுதான் பதிலாக வரும். "அண்ணா, நீங்க விட்டதில முக்கியமானது ரெண்டு பாடம்தான். சனிக்கிழமை எட்டரைக்கு வாங்கோ, வகுப்புக்கு முதல் காட்டித்தாறன்" என்றால் திரும்பி வர ஒரு வழி கிடைக்கும். இனிமேல் ஒருவர் முதல் நாள் தவறிய அன்றே பின்னேரம் இந்த அழைப்பு போக வேண்டும். வட்ஸ்அப் குழுவில் வராதவர்களின் பெயர்ப் பட்டியல் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதைப் பார்த்தவர் குழுவை விட்டும் போய்விடுவார்.

வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் ஏன் இடைவிலகுகிறார்கள் என்று அமெரிக்காவில் பீன், மெற்ஸ்னர் இருவரும் 1985இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். இவர்களைக் கல்லூரி வாழ்க்கையை விட வெளிவாழ்க்கையே அதிகம் இழுக்கிறது என்பது அதன் சாரம். வேலை நேரம், காசு, குடும்பம் ஒத்துழைத்தால் படிப்பில் கொஞ்சம் பலவீனமானவரும் தாக்குப்பிடிப்பார். அவை ஒத்துழைக்காவிட்டால் நல்ல புள்ளி எடுப்பவரும் போய்விடுவார். ஆகவே கூடுதல் ரியூஷன் வைப்பது மட்டும் உங்கள் சிக்கலைத் தீர்க்காது.

உங்கள் விடயத்தில் வெளிவாழ்க்கை என்றால் கடலும் ஹோட்டலும். மார்ச்சில் தொடங்கிய வகுப்பின் மூன்றாம் மாதம் மே. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் நிரம்பத் தொடங்கும், சனி ஞாயிறு லீவு கிடைக்காது. கடலும் அமைதியாக இருக்கும், தொழிலுக்குப் போகாமல் யார் வகுப்பில் உட்காருவார்? அடுத்த அணியை ஒக்டோபரில் தொடங்குங்கள். வடகீழ்ப் பருவ மழைக்காக இரண்டு கிழமை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து விவசாயிகள் இருந்தால் பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை குறுக்கிடும். எல்லாருக்கும் பொருந்தும் நாட்காட்டி கிடையாது. அதனால்தான் பாடநெறியை நான்கு கிழமைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு செய்முறைச் சோதனை, அதற்குக் கையொப்பமிட்ட பதிவு. மூன்றாம் துண்டைத் தவறவிட்டவர் அடுத்த அணியோடு மூன்றாம் துண்டில் சேரட்டும். முதலிலிருந்து வரச் சொன்னால் வரமாட்டார். என்.வி.கியூ. மதிப்பீடே தேர்ச்சி அலகுகளாகப் பிரிந்திருப்பதால் இது ஒன்றும் கடினமில்லை.

வகுப்பு முடியும் நேரத்தைப் பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். மூதூருக்கும் புல்மோட்டைக்கும் போகும் கடைசி பஸ்ஸுக்கு அரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும்.

இனி, பாட ஒழுங்கு. இத்தகைய பாடநெறிகள் பல, மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றையும் இணைக்கும் ஓமின் விதியோடு தொடங்குகின்றன. கணிதத்தை விட்டு இருபது வருடமான ஒருவருக்குக் கரும்பலகையில் சமன்பாட்டைக் கண்டதும் பழைய பயம் எழும்பும். முதல் நாளே ஒரு பலகையில் படிக்கட்டு லைட் ஒன்றை இணைக்கக் கொடுங்கள்: இருவழி ஆளி இரண்டு, ஹோல்டர் ஒன்று. உயிர்க்கம்பி முதல் ஆளியின் பொது முனைக்கு, ஆளிகளுக்கு இடையே இரண்டு கம்பி, இரண்டாம் ஆளியின் பொது முனையிலிருந்து பல்புக்கு, நொதுமல் நேராகப் பல்புக்கு. ஆசிரியர் சரிபார்த்த பிறகே மின்சாரம். மேலே போட்டுக் கீழே அணைத்துப் பார்த்தவர் அடுத்த கிழமையும் வருவார். கணக்கை மூன்றாம் கிழமையில் அவரவர் வீட்டு மின்கட்டணப் பட்டியலோடு எடுங்கள். 60 வொட் மின்விசிறி நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 30 நாளில் 14.4 அலகு. அந்தக் கணக்கைப் போட்டவருக்கு ஓமின் விதி பிறகு அவ்வளவு பாரமாகத் தெரியாது.

நாற்பத்தைந்து வயதுக்காரரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடாது. இருபத்தாறு வயது ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். நீண்ட குறிப்பை வாசித்து எழுதச் சொல்வதும் வேண்டாம், அச்சடித்த ஒரு பக்கம் போதும்.

கட்டண நிலுவையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தவணையை மாதத்துக்குப் பதில் கிழமைக்குப் பிரியுங்கள். தொழில் இல்லாத மாதத்தில் தள்ளிப்போடவும் விதியிலேயே இடம் வையுங்கள். கெஞ்சிக் கேட்டுப் பெறும் சலுகையைப் பலர் கேட்கவே மாட்டார்கள். 80 வீத வரவு கட்டாயம் என்றால், தவறிய மணித்தியாலங்களை ஈடுசெய்ய மாதம் ஒரு பின்னேரத்தையும் ஒதுக்குங்கள்.

இன்னொன்று: போனவர்களில் ஏற்கெனவே வீடுகளுக்கு வயரிங் செய்துவருபவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். தெரிந்ததையே ஆறு மாதம் கேட்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. நைட்டா போன்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் முன்கற்றல் அங்கீகார மதிப்பீட்டுக்கு, அதாவது வேலையில் ஏற்கெனவே கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறைக்கு, அவர்களை அனுப்புங்கள். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கோப்பாக்க உதவுங்கள். மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டவும் வேண்டும். அதில் குறை தெரிந்த தேர்ச்சி அலகுகளுக்கு மட்டும் உங்கள் வகுப்புக்கு வரட்டும்.