அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே: வீட்டின் உட்சுவருக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெயின்ட் நிறுவனத்தின் இந்த இரு சாம்பல் வண்ணங்களும் வண்ண அட்டையில் ஒன்றுபோலவே தெரிகின்றனவே, எதை அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வீடு வாங்கும் பலரும் திகைத்து நிற்கும் இடம்தான் இது. சுவரில் படும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை, முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100 என்று வைத்துச் சொல்லும் எல்.ஆர்.வி. அளவில் அக்ரீயபிள் கிரே 60, ரிப்போஸ் கிரே 58. இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுவதே அரிது. ஆகவே எது வெளிர், எது அடர்த்தி என்று ஆராய்வதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது உள்ளே கலந்திருக்கும் சாயலை. அக்ரீயபிள் கிரேயில் இளம்பழுப்பு தெளிவாகவே உண்டு. ரிப்போஸ் கிரே சாம்பலின் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தது. வெளிச்சம் குறைந்த மூலைகளில் அதில் மெல்லிய ஊதா எட்டிப் பார்ப்பதும் உண்டு. வடக்குப் பார்த்த சன்னல் மட்டுமே உள்ள அறைக்கு நேரடி வெயிலுக்குப் பதிலாக வானத்தின் நீலம் கலந்த ஒளியே வருவதால், அங்கே ரிப்போஸ் கிரே களையிழந்து தெரியும். அக்ரீயபிள் கிரேயின் பழுப்பு அந்த நீலத்தை ஓரளவு ஈடுகட்டிவிடும். மேற்கு வெயில் விழும் அறையில் அதே பழுப்பு மாலையில் மிகைப்பட்டுவிடும் என்பதால், அங்கே என் தேர்வு ரிப்போஸ் கிரேதான்.

தரையையும் மறந்துவிடாதீர்கள். செம்மஞ்சள் ஏறிய பழைய ஓக் மரத்தரைக்கு மேலே நிற்கும் சாம்பல் சுவர், உண்மையில் இருப்பதைவிட நீலமாகத் தோன்றும். அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றுவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவைத்திருக்கிறார்.

மாதிரியைப் பழைய சுவரின் மேலேயே தீட்டிப் பார்க்காதீர்கள்; சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில், ஓரம் விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்துக் காலையிலும் விளக்கேற்றிய பிறகும் பாருங்கள். பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 2700 கெல்வின் பல்பு எந்தச் சாம்பலையும் மஞ்சளாக்கும், 4000 கெல்வின் அதையே வெளிறச் செய்யும் என்பதால், பல்பை முதலில் முடிவுசெய்துகொள்வது நல்லது.

முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் அடுத்தடுத்த சுவர்களில் அடித்துவிட மட்டும் வேண்டாம். பார்ப்பவர்களுக்கு, பாதியில் பெயின்ட் தீர்ந்துபோய் வேறு வாளி வாங்கியது போலத்தான் தெரியும்.