ஃபிளெமிங்குக்குப் பிறகு பாண்ட்

வணக்கம். இயான் ஃபிளெமிங் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை முடித்துவிட்டேன். அவர் மறைந்த பின் வேறு பலர் தொடர்ந்திருக்கிறார்களாம். படைத்தவர் இல்லாதபோது பாத்திரத்தை மட்டும் நடமாட வைப்பது காசுக்கான வேலைதானே? அவற்றைப் படிக்கத்தான் வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

காசுக்காகத்தான். ஃபிளெமிங்கும் விற்பதற்காகவே எழுதினார்; அதனால் அந்த நாவல்கள் தாழ்ந்துவிடவில்லை.

அவர் 1964-இல் இறந்தார். நான்கே ஆண்டுகளில் கிங்ஸ்லி அமிஸ், ராபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் ‘கர்னல் சன்’ எழுதினார். பாண்டின் மேலதிகாரி எம் தன் வீட்டிலிருந்தே கடத்தப்படுகிறார். மேசைக்குப் பின்னாலிருந்து கட்டளையிட்டே நாம் பார்த்த மனிதர், மருந்து செலுத்தப்பட்டு நிராதரவாக நிற்கிறார். அவர்மேல் பாண்டுக்கு இருக்கும் பாசத்தின் ஆழம் அங்கே தெரிகிறது. தொடர்ச்சிகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

1981 முதல் 1996 வரை ஜான் கார்ட்னர் 14 நாவல்கள் எழுதினார். பிறகு அமெரிக்கரான ரேமண்ட் பென்சன். இருவரும் பாண்டைத் தங்கள் காலத்துக்கு இழுத்து வந்தார்கள். 2011-இல் ஜெஃப்ரி டீவர், ஆப்கானிஸ்தான் போரில் பணியாற்றிய இளைஞனாகவே அவனை மாற்றினார். எனக்கு ஒப்பவில்லை. பாண்ட் இரண்டாம் உலகப் போர் உருவாக்கிய கடற்படை அதிகாரி. ‘கசினோ ராயல்’ 1953-இல் வெளியானபோது பிரிட்டனில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்தது. ஃபிளெமிங் வரிவரியாக விவரித்த விருந்தும் மதுவும் அன்றைய வாசகருக்கு எட்டாத சுகங்கள். பேரரசை இழந்துகொண்டிருந்த நாட்டில், நம் ஆள் ஒருவன் எங்கும் போவான், எதையும் செய்வான் என்ற ஆறுதலும் அதோடு சேர்ந்தது. எல்லாம் கடையில் கிடைக்கும் காலத்தில் அவன் நல்ல ரசனையுள்ள ஓர் உளவாளி, அவ்வளவுதான்.

வேறு சிலர் இதை உணர்ந்திருந்தார்கள். செபாஸ்டியன் ஃபாக்ஸ் தன் கதையை 1967-இல் வைத்தார். வில்லியம் பாய்ட் 1969-இல். ஆன்டனி ஹோரோவிட்ஸ் மூன்று நாவல்கள் எழுதினார். அவற்றுள் 2022-இல் வந்த ‘வித் எ மைண்ட் டு கில்’, ஃபிளெமிங்கின் கடைசி நாவல் முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. சோவியத் உளவுத்துறை பாண்டை மூளைச்சலவை செய்து, மேலதிகாரி எம்மையே கொல்ல அனுப்பியதை ஃபிளெமிங் சில அத்தியாயங்களில் கடந்துவிட்டார். அந்தக் காயத்தைத்தான் ஹோரோவிட்ஸ் நாவல் முழுக்கத் துழாவுகிறார்.

ஃபிளெமிங்கை இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் ‘வித் எ மைண்ட் டு கில்’ படித்துவிடுங்கள். பிறகு ‘கர்னல் சன்’. மற்றவை காத்திருக்கலாம்.