டை அலர்ஜியா? எந்த டை என்று எழுதுங்கள்

நிணநீர் வீக்க ஆபரேஷனுக்கு முன் போடும் டை, அதாவது சாய ஊசிகளைப் பற்றித்தான் இந்த முறை நிறைய கடிதங்கள்.

இறால், நண்டு சாப்பிட்டால் எனக்குத் தடிப்பு வரும். நிணநீர் நாளத்தைப் பார்க்கப் போடும் ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) சாயத்தில் அயோடின் இருக்கிறதாமே, போடலாமா?

போடலாம். இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் இல்லை.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குக் கை வீங்கிவிட்டது. எல்விஏ (நிணநீர் நாளத்தைச் சிறு ரத்தநாளத்தோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார்கள். நாலு வருஷம் முன்னால் டை அலர்ஜி ஆனது. இப்போது ஆபத்தா?

எந்த டை? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், பெயர் இல்லை. சிடி ஸ்கேனுக்குப் போடுவது அயோடின் கான்ட்ராஸ்ட், எம்ஆர்ஐக்கு கேடோலினியம், நிணநீர் நாளம் பார்க்க விரலிடுக்கில் போடுவது ஐசிஜி, நிணநீர்க் கணுவைத் தேடவும் மைக்ரோஸ்கோப்பில் நாளத்தைக் காட்டவும் நீலச் சாயம். நாலும் வேறு வேறு மருந்து. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் மற்ற மூன்றும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது. ஐசிஜியில் மட்டும் கொஞ்சம் சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது, அதனால் அயோடின் கான்ட்ராஸ்ட்டில் கடுமையாக ஆனவர்களுக்கு அதைப் போடும் முன் யோசிப்போம்.

என்னிடம் வந்த ஒருவரின் ஃபைலில் சிவப்பு மையில் "டை அலர்ஜி" என்று மட்டும் எழுதியிருந்தது. அதை நம்பி ஐசிஜியை நிறுத்தி, ஆபரேஷனையும் தள்ளிப்போட்டேன். பழைய மயக்க மருந்துச் சீட்டு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது கணு பரிசோதனையின்போது போட்ட நீலச் சாயத்தால். அந்தச் சாயங்களில் சிலவற்றுக்குச் சுமார் நூறில் ஒருவருக்கு ஏதாவது ஒவ்வாமை வரும், ஐசிஜிக்கு அது மிக அரிது. பாதுகாப்பானதை நிறுத்திவிட்டு, அவருக்கு ஆகாததையே மைக்ரோஸ்கோப்பின் கீழ் போட்டிருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது. ஃபைலில் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் அத்தனை வாரம் அந்த அம்மா வீங்கிய கையோடு காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தின் பெயர், போட்ட எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது, அட்ரினலின் போட்டார்களா, இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லையென்றால் மயக்க மருந்துச் சீட்டைக் கேளுங்கள். வாங்கிய பிறகு மறுபடி எழுதுங்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

சிடி கான்ட்ராஸ்ட்டைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாது. டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகாதவருக்கு முழு ஊசியில் ஆகலாம், அந்தத் துளியிலேயே மூச்சுத்திணறலும் வரலாம். முன்பு நிஜமாகவே ஒவ்வாமை ஆனவர்கள் ஒவ்வாமை நிபுணரிடம் முறையான தோல் பரிசோதனை செய்துகொள்ளட்டும், அது வேறு விஷயம்.

சிடி கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை வராமலிருக்க முந்தின நாள் ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொன்னார்கள், மறந்துவிட்டேன். காலையில் சேர்த்துப் போடலாமா?

கூடாது! பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டை ஊசிக்கு 13, 7, 1 மணி நேரம் முன்னால் என்று பிரித்துக் கொடுப்பது, அது வேலை செய்ய நேரம் வேண்டும் என்பதால். போன் பண்ணித் தேதியை மாற்றுங்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகிறது.

நீலச் சாயம். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

யானைக்கால் வீக்கம், கிரியாட்டினின் 2.1. எம்ஆர்ஐ டை அலர்ஜி வருமா?

அலர்ஜி வேறு, சிறுநீரகக் கோளாறு வேறு. வயதை எழுதாமல் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் அளவை, எப்படிக் கணக்குப் போடுவது? 30க்குக் கீழே என்றால் எந்த கேடோலினியம் என்று கேளுங்கள், வளைய (மேக்ரோசைக்ளிக்) வகைகளில் ஆபத்து மிகக் குறைவு. கான்ட்ராஸ்ட் இல்லாமலும் எம்ஆர்ஐயில் வீக்கத்தைப் பார்க்க முடியும். இங்கேயும் மருந்தின் பெயர்தான் முக்கியம்.

சிடி எடுத்து மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும். அந்த ஊசியாலா?

இருக்கலாம், ஒரு வாரம் வரைகூடத் தாமதமாக வரும். மறைவதற்குள் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், தோலில் கொப்புளம் இதில் ஒன்று இருந்தாலும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.