உடல்வாகுக்கு ஏற்ற கல்யாணச் சேலையை எப்படித் தெரிவு செய்வது?

உடல்வாகுக்கு ஏற்ற சேலை என்றால் உடம்பை மறைக்கிற சேலை இல்லை, பார்க்கிறவர் கண்ணை நாம் விரும்புகிற பக்கம் கொண்டுபோகிற சேலை. கண் கோட்டின் வழியே ஓடும்: முன்கொசுவம் நேராக விழுந்தால் மேலிருந்து கீழே ஓடி உயரத்தைக் கூட்டிக் காட்டும், அகலக் கரை குறுக்கே வெட்டினால் அங்கேயே நின்றுவிடும், அதனால்தான் குள்ளமானவர்களுக்குச் சின்னக் கரை எடுப்பாக இருக்கும்.

துணியும் முக்கியம். பழைய பேப்பரையும் நனைந்த துவாயையும் கதிரையில் போட்டுப் பாருங்கள், ஒன்று விறைத்து நிற்கும், மற்றது கதிரையின் வடிவத்தையே காட்டும். கனத்த பட்டும் ஜோர்ஜெட்டும் அப்படித்தான். ஒல்லியானவர்களுக்குக் கனத்த பட்டு நிறைவு தரும், உடம்பு வைத்தவர்கள் கூறைக்கு மென்பட்டாகக் கேளுங்கள். திருகோணமலையில் ஆவணிக் கல்யாணம் என்றால் வியர்வையையும் கணக்கில் எடுக்கவேண்டும், அது வேறு கதை.

அப்புறம், சேலைச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது கல்யாணத்தன்று போடப்போகிற உள்ளாடையையே உள்ளே போட்டுக்கொண்டு போங்கள், பலர் இதை மறந்து கடைசி வாரம் தையல்காரியிடம் ஓடுகிறார்கள்.

தொளதொளவென்று சட்டை தைத்தால் பருமன் தெரியாது என்பது பிழை: தோளிலும் கையிலும் துணி மிதந்து இன்னும் பெருப்பித்தே காட்டும்.