கட்சி இல்லாமல் கவுன்சிலர் தேர்தலில் நின்றால் ஜெயிக்க முடியுமா?

தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு கொடுத்தே அலுத்துவிட்டது, நானே வார்டு தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம். வார்டு சின்னது, சில சமயம் பத்து இருபது ஓட்டிலேயே முடிவு மாறிவிடும்.

போஸ்டரில் பணத்தைக் கொட்டாதீர்கள். நடங்கள். 1998-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள், மக்களை ஓட்டுப் போட வர வைக்க எது உதவுகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்ப் பேசிய வீடுகளில் வாக்குப்பதிவு நன்றாகவே கூடியது. தபாலில் போனதற்குக் கொஞ்சம்தான் பலன், தொலைபேசி அழைப்புக்கு அதுவும் இல்லை.

வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் ஓட்டு கேட்க வேண்டாம், "உங்க தெருவுல என்ன சரியில்ல?" என்று கேளுங்கள். கதவு எண்ணோடு குறையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் முறை போகும்போது, "அந்தக் குழாய் சரியாச்சா?" என்று நீங்களாகக் கேட்டால் அந்த வீடு உங்களை மறக்காது.

வேட்புமனு அலுப்பான வேலைதான், ஆனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அப்புறம், ஜெயித்தாலும் மன்றத்தில் உங்களுக்கு ஒரே ஓட்டுதான். தெருவிளக்கு எரிய மற்ற உறுப்பினர்களின் கையும் உயர வேண்டும். அதனால் இப்போதே பட்ஜெட் கூட்டங்களில் போய் உட்காருங்கள்.